முன்வாசல் வழியாக

பிப்ரவரி 4

என்னங்க,

இன்றுதான் பேனா பிடிக்க முடிந்தது. போன வாரம் வரை தண்ணீர் டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தேன். அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன். உள்ளே இருந்து யாரோ பிறாண்டுவது போல இருந்தது, அவ்வளவுதான். தலைமை நர்ஸ் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாய்க்கு வந்தபடி திட்டினேன். "திட்டுங்க, நல்லா திட்டுங்க. மாத்திரையைக் கேக்காம எதை வேணா கேளுங்க" என்று சிரித்தார்.

போனை வாங்கி வைத்துவிட்டார்கள். இங்கே கடிதம் மட்டும்தான். போனில் அழுதுவிட்டு வைத்துவிடுவீர்கள், கடிதம் என்றால் யோசித்து எழுதுவீர்கள் என்கிறார் டாக்டர். யோசித்தால் இன்னும் அழுகை வருகிறது என்று அவருக்கு யார் சொல்வது?

எங்கள் அறையில் வரிசையாகக் கட்டில்கள். ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி, அதற்கப்புறம் சுவர். பக்கத்துக் கட்டில் டிராயிங் டீச்சர். அவளுக்குப் பழக்கம் எதுவும் கிடையாது, மனசுதான் கீழே போய்விட்டது. பல் தேய்க்கக்கூட எழ முடியாமல் கிடந்தவளாம். இப்போது என் கையைப் படமாக வரைகிறாள். விரல் நடுங்குவதையும் சேர்த்து எப்படித்தான் வரைகிறாளோ.

சாயங்காலம் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, ஏன் வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவரும் சொல்கிறார்கள். என் முறை வந்தால் இருமுகிறேன். முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வலிக்காக ஆரம்பித்த மாத்திரை, வலி போன பிறகும் என்னை விடவில்லை, மருந்துக் கடையிலேயே வேலை பார்த்ததால் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இவ்வளவுதானே சொல்ல வேண்டும்? வரமாட்டேன் என்கிறது.

குட்டி எப்படி இருக்கிறாள்? தலைமுடியைச் சிக்கெடுக்காமல் விடாதீர்கள். நம் கட்டிலுக்கு அடியில் நீங்கள் சுருட்டி வைக்கும் ஒயரில் தடுக்கி விழுந்து உங்களைத் திட்டுவேனே, இங்கே தரை துடைத்தாற்போல வெறிச்சென்று இருக்கிறது. தடுக்க எதுவுமே இல்லை.

தெருவில் என்ன சொல்லியிருக்கிறீர்கள்?

நான்


பிப்ரவரி 12

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். கையெழுத்து கோணல்மாணலாக இருந்தது. என்னைவிட மோசமாக நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது.

உன் அக்காவுக்குக் கால் உடைந்துவிட்டது, பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன். குட்டிக்கும் அதேதான். எல்லோரும் அக்காவை விசாரிக்கிறார்கள். மாவுக்கட்டு போட்டாச்சா என்று கேட்கிறார்கள். நான் போட்டுவிட்டேன்.

குட்டி சமைக்கிறாள். சாப்பிடுகிறேன். அதற்கு மேல் கேட்காதே.

வேலைக்குக் குறைவில்லை. ஊரில் யார் கூட்டம் போட்டாலும் மைக் செட்டுக்காரன் வேண்டுமே. இப்போது புதிதாக ஒரு விவகாரம் கிளம்பியிருக்கிறது. நம் தெருக்கோடியில் பூட்டிக் கிடக்கிறதே பழைய டெலிபோன் ஆபீஸ், அதில் நகரமன்றம் ஒரு சிகிச்சை மையம் திறக்கப் போகிறதாம். குடி, போதை, மனநோய் எல்லாவற்றுக்கும். தங்க வைப்பதில்லை, வந்து பார்த்துவிட்டுப் போகலாம். டாக்டர் இருப்பார், உட்கார வைத்துப் பேசுகிறவர்கள் இருப்பார்கள், எல்லாம் இலவசம். தெரு கொதிக்கிறது. இரும்புக் கடைக்காரர் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார். நம் வீட்டுக்கும் வந்தார். "நீங்களும் ஒண்ணு போடுங்க, பொம்பளைப் பிள்ளை வச்சிருக்கீங்க" என்றார். கண்ணாடியைக் காணோம், அப்புறம் வாங்க என்றேன். கண்ணாடி என் மூக்கின் மேல்தான் இருந்தது. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். போய்விட்டார்.

கட்டிலில் உன் பக்கம் படுப்பதில்லை. என் பக்கத்தின் ஓரத்திலேயே ஒட்டிக்கொண்டு படுத்து, கழுத்துப் பிடித்துக்கொண்டது. நீ இருந்தால் தள்ளிப் படு, தள்ளிப் படு என்பாய். இப்போது யாரும் சொல்லாமலே தள்ளித்தான் படுக்கிறேன்.

உன் மைக் செட்


பிப்ரவரி 21

என்னங்க,

அக்காவின் காலை நீங்கள் உடைத்தது அக்காவுக்குத் தெரியுமா? அவள் பாட்டுக்கு ஒரு நாள் நம் தெருவில் நடந்து வந்து நிற்கப் போகிறாள். வாய்விட்டுச் சிரித்தேன். இங்கே வந்து முதல் தடவை. பக்கத்துக் கட்டில்களில் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

டிராயிங் டீச்சர் நேற்று வீட்டுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. டாக்டர் அவளிடம் சொன்னதை நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். "இங்க குணமாகுறது பாதிதாம்மா. மீதிப் பாதி வீட்டுக்குப் போனப்புறம். வாரா வாரம் வந்து பேசிட்டுப் போகணும், விட்டுடாதீங்க." அவள் ஊரும் நம் ஊரைப் போலத்தான், இங்கே வந்து போக ஒரு பகல் முழுக்க பஸ். அவள் தலையை ஆட்டினாள்.

எனக்குப் பயம் இந்த இடத்தைப் பற்றி இல்லை. இங்கே மருந்துக் கடை கிடையாது. வெளியே போனால் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

அதனால் அந்தப் பழைய டெலிபோன் ஆபீஸ் விஷயத்தை நீங்கள் எழுதியதும் ஒரு நிமிஷம் மனசு எங்கெங்கோ போய்விட்டது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேளுங்கள். அந்த விவகாரத்தில் நீங்கள் தலையை நுழைக்க வேண்டாம். கூப்பிட்டால் மைக் கட்டுங்கள், முடிந்ததும் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை வேண்டாம். குட்டி அந்தத் தெருவில்தான் வளர வேண்டும். நானும் அங்கேதான் திரும்பி வர வேண்டும்.

இப்போது என்னைத் துணி தைக்கும் அறையில் விட்டிருக்கிறார்கள். படுக்கை விரிப்புக்கு ஓரம் அடிக்கிறேன். தையல் நேராகப் போகிறது. உங்கள் நீலச் சட்டையில் காலர் பிரிந்திருந்ததே, அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள். நான் வந்து தைக்கிறேன்.

நான்


மார்ச் 5

அன்புள்ள வாயாடிக்கு,

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன். கோபம் வந்தால் கடைசி வரை படித்துவிட்டுக் கோபப்படு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமுதாயக் கூடத்தில் கூட்டம். நகரமன்றத் தலைவி வந்திருந்தார். மைக் நான்தான். கூடம் நிரம்பி, ஜன்னலில் எல்லாம் ஆள். தலைவி அம்மா மையத்தைப் பற்றிப் பொறுமையாகத்தான் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. இரும்புக் கடைக்காரர் எழுந்தார். "நாங்க யாருக்கும் எதிரி இல்லீங்க. வைத்தியம் பாக்க வேணாம்னு சொல்லல. ஆனா போதை ஏறினவனும் புத்தி கலங்கினவனும் எங்க வாசல்ல வரிசையா நிக்கணுமா? ஊருக்கு வெளிய எங்கயாவது கட்டுங்க" என்றார். ஒரே கைதட்டல். நானும் தட்டினேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. கூட்டத்தில் கைதட்டினால் நானும் தட்டுவது தொழில் பழக்கம்.

அடுத்து அந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவர் எப்போதும் மைக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டுதான் பேசுவார், 'கீ' என்று கத்தியது. சரி செய்ய நான் மேடை ஏறினேன். மைக்கை அவர் கையிலிருந்து வாங்கித் திருகிக்கொண்டிருக்கும்போது, அவர் மைக் இல்லாமலே கேட்டார். "எங்க தெருவுல அந்த மாதிரி ஆளு யாரு இருக்கா? ஒருத்தரைக் காட்டுங்க பாப்போம். இல்லாத நோயாளிக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

கூடம் சிரித்தது. மைக் என் கையில் இருந்தது.

நீ எழுதியது ஞாபகம் இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது உன் மேல் விழுந்த மாதிரி இருந்தது எனக்கு.

"இருக்காங்க. என் வீட்டுக்காரி" என்றேன்.

இத்தனை வருஷத்தில் நான் மைக்கில் சொன்னதெல்லாம் 'ஹலோ, சோதனை, சோதனை' மட்டும்தான். என் குரல் அந்தக் கூடத்தில் எதிரொலித்துத் திரும்பி வந்தபோது எனக்கே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. "அக்காவுக்குக் கால் உடைஞ்சதுன்னு சொன்னது பொய். உங்க பிள்ளைங்களுக்குக் காய்ச்சல்னா பூட்டுன மருந்துக் கடையைத் திறந்து மருந்து எடுத்துக் கொடுத்தவ அவ. அவளுக்கு ஒண்ணுன்னப்ப இந்த ஊருல போய்த் தட்ட ஒரு கதவு இல்ல. அரை நாள் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனேன். ஜன்னல் கம்பியில தலையை முட்டிக்கிட்டே வந்தா. அவளை யாருகிட்டயோ விட்டுட்டு நான் மட்டும் அதே பஸ்ஸுல திரும்பி வந்தேன். அவ திரும்பி வந்தா, இந்தத் தெருவுலதான் இருக்கணும். அந்தக் கட்டடம் திறந்திருந்தா அவ இருப்பா. இல்லன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியல."

அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை. நான் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, மேடைக்குப் பின்னால் போய் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கூட்டம் எப்படி முடிந்தது என்றே தெரியாது. முடிவை அடுத்த மாதம் நகரமன்றத்தில் ஓட்டுக்கு விடுவார்களாம்.

நீ என்ன சொல்வாய்?

உன் மைக் செட்


மார்ச் 12

நான் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். உங்களுக்குப் படிக்கத் தெரியும்.

இந்த வட்டத்தில் உட்கார்ந்து என்னால் இதுவரை சொல்ல முடியாத ஒன்றை நீங்கள் கூடம் நிறைய ஆட்களுக்குச் சொல்லிவிட்டீர்கள். ஜன்னலில் நின்றவர்களுக்கும் சேர்த்து. ஊரெல்லாம் மைக் கட்டுங்கள். என் மேல் கட்டச் சொல்லி யார் சொன்னது?

ஜன்னல் கம்பியில் தலையை முட்டியது வரை சொல்லியாகிவிட்டது. இன்னும் என்ன மிச்சம்? பஸ்ஸில் உங்கள் மடியில் வாந்தி எடுத்தேனே, அதையும் சொல்லியிருக்கலாம்.

குட்டியை நினைத்தீர்களா?

கொஞ்ச நாள் எனக்கு எழுத வேண்டாம்.


மார்ச் 24

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. பிரிக்காமல் வைத்திருந்தாலும் சரி, தலையணைக்கு அடியிலாவது இருக்கட்டும்.

நான் செய்தது சரி என்று வாதாட வரவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

குட்டி ஒரு நாள் சட்டைக் கை கிழிந்து வந்தாள். எவளோ 'மாத்திரைக்காரி பொண்ணு' என்றாளாம். நம்மவள் விடவில்லை போல. காயத்துக்கு மருந்து போட்டுவிட்டேன். உன்னை மாதிரியே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் கேட்டாள். "ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, என்கிட்ட மட்டும் ஏன் முதல்லயே சொல்லல? பெரியம்மாவுக்குக் கால் சரியாகணும்னு நான் தினமும் சாமி கும்பிட்டுட்டு இருக்கேன்." நான் மருந்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். "சரி விடுங்க, அதை அம்மாவுக்கு மாத்திக்கிறேன்" என்று எழுந்து போனாள்.

இரும்புக் கடைச் சங்கக் கூட்டத்துக்கு வேறு மைக் செட் வைத்துக்கொண்டார்கள். டீக் கடையில் எனக்கு இடம் விட்டு உட்காருகிறார்கள், தாராளமாக. ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. மருந்துக் கடைக்காரர் வந்தார். உன்னை வேலையை விட்டு நிறுத்தியவர். வாசலிலேயே நின்று, "மையம் வேணும்னு நகரமன்றத்துக்கு நானும் எழுதிக் கொடுத்துட்டேன். தினமும் எத்தனை முகத்தைப் பாக்குறேன் தெரியுமா, கேட்டா கொடுக்கவும் பயம், கொடுக்காம அனுப்பவும் பயம்" என்றார். போய்விட்டார். உன்னை விசாரிக்கக் கூச்சம் அவருக்கு.

முந்தாநாள் காலை, இரும்புக் கடைக்காரர் மனைவி. குட்டி பள்ளிக்கூடம் போன பிறகு வந்தார். "அவங்க எப்ப வருவாங்க?" என்றார். தெரியாதுங்க என்றேன். உட்கார்ந்தார். நம் கல்யாணப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "என் தம்பி எங்க மாடி ரூம்லதான் இருக்கான். வெளிய வந்து ரொம்ப நாளாச்சு. யாரோ பேசுறாங்கன்னு சொல்றான். சாப்பாட்டைக் கதவுகிட்ட வச்சுட்டு வரேன். வெளிய தெரிஞ்சா கடைக்குக் கெட்ட பேருன்னு இவரு..." என்று நிறுத்திவிட்டார். "உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முதல் நாள் எப்படிக் கிளம்பினாங்க? என்ன சொல்லிக் கூட்டிட்டுப் போனா வருவான்?"

எனக்குத் தெரியவில்லை. கூட்டிக்கொண்டு போனவன் நான். ஆனால் எதற்காக நீ எழுந்து செருப்பைப் போட்டாய் என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியாது. உன்னைத்தான் கேட்க வேண்டும்.

குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது, குடம் நிரம்பிவிட்டது பார் என்று திரும்பிச் சொல்கிறேன். யாரும் இல்லை.

உன் மைக் செட்


ஏப்ரல் 10

என்னங்க,

கோபம் போகவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

டிராயிங் டீச்சர் திரும்பி வந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அதே கட்டில். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறாள். ரெண்டு நாள் கழித்துத்தான் பேசினாள். "வீட்டுல எல்லாரும் நல்லவங்கதான். ஆனா பக்கத்துல போய்ப் பேச ஒரு இடம் இல்ல. ரெண்டு தடவை இங்க வந்தேன். மூணாவது தடவை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன், அந்தக் கூட்டத்தைப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். அதுக்கப்புறம் எழுந்திருக்கல." வரைய வா என்று தாளைக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. சொல்லட்டுமா என்று நீங்கள் என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். வேண்டாம் என்று நான் சொல்லி நீங்களும் கேட்டிருந்தால், அந்தக் கட்டடத்துக்காகப் பேச அன்றைக்கு ஒரு ஆளும் இருந்திருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உங்களை மன்னிக்கவும் வரவில்லை, வெறுக்கவும் வரவில்லை.

நேற்று வட்டத்தில் என் முறை வந்தது. இருமவில்லை. சொன்னேன். மருந்துக் கடை, மாத்திரை, டப்பாவில் கணக்கு இடிக்காமல் எடுத்தது, குட்டிக்கு முன்னால் தூங்கி வழிந்தது, எல்லாம். சொல்லி முடித்ததும் ஒன்றும் ஆகவில்லை. ஒருத்தி தண்ணீர் நீட்டினாள். அவ்வளவுதான். ஊருக்கே தெரிந்ததை இங்கே மட்டும் எதற்கு ஒளிக்க வேண்டும் என்று தோன்றியது. நான் வாயைத் திறந்ததில் உங்களுக்கும் பங்கு உண்டு.

இனிமேல் என் கதையை நான்தான் சொல்வேன். நீங்கள் ஒயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரும்புக் கடை அக்காவுக்குச் சொல்லுங்கள். என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்று யோசிக்க வேண்டாம். உங்களுக்கே தெரியாது என்றீர்களே, சொல்கிறேன். அன்றைக்கு நீங்கள் எனக்குப் புத்தி எதுவும் சொல்லவில்லை. என் செருப்பை எடுத்து வந்து என் காலடியில் வைத்துவிட்டு, நீங்களும் தரையில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். அவசரப்படுத்தவில்லை. அதனால்தான் போட்டுக்கொண்டேன்.

குட்டியிடம் அம்மா சண்டை போட்டதற்குத் திட்டியதாகச் சொல்லுங்கள். அப்புறம் முத்தம் கொடுத்ததாகவும் சொல்லுங்கள்.

நான்


ஏப்ரல் 19

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதத்தை அந்தக் கோபத்தோடு சேர்த்தே வாங்கிக்கொண்டேன். கேட்காமல் சொன்னது தப்பு. இனி கேட்பேன். நீ வேண்டாம் என்றால் வாயைத் திறக்க மாட்டேன், கூடமே சிரித்தாலும் சரி.

இரும்புக் கடை அக்காவிடம் அப்படியே சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார்.

ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. மையம் வருகிறது! ஒரு வருஷம் நடத்திப் பார்க்கிறார்களாம், அப்புறம் மறுபடியும் பேசுவார்களாம். வாரத்தில் பாதி நாள்தான். இரும்புக் கடைக்காரர் தரப்பைச் சமாதானப்படுத்த ஒரு நிபந்தனை வேறு. வருகிறவர்கள் தெரு வழியாக வரக்கூடாது, பின்னால் சந்து வழியாகப் பின்கேட்டில் நுழைய வேண்டும், முன்கேட் பூட்டியே இருக்கும். தலைவி அம்மா முகம் சுளித்துக்கொண்டேதான் ஒப்புக்கொண்டார். போகட்டும், திறக்கிறதே பெரிது. நேற்று வெள்ளையடிக்க ஆள் வந்துவிட்டது.

டாக்டரும் எழுதியிருந்தார். வரும் முப்பதாம் தேதி உன்னைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. படித்துவிட்டு வீட்டுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். குட்டி, "உக்காருங்கப்பா, தலை சுத்துது" என்றாள்.

ஒரு யோசனை. மத்தியான பஸ்ஸில் கிளம்பினால் ஊர் வந்து சேர இருட்டிவிடும். தெருவில் யாரும் இருக்க மாட்டார்கள். யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் வந்துவிடலாம். உனக்கும் சங்கடம் இருக்காது. மையத்துக்கும் சந்து வழி நான் கூட்டிப்போகிறேன், மழை பெய்தால் மட்டும் கொஞ்சம் சேறு. என்ன சொல்கிறாய்? இந்தத் தடவை கேட்கிறேன் பார்.

உன் மைக் செட்


ஏப்ரல் 25

என்னங்க,

கேட்டதற்குச் சந்தோஷம். பதில், மாட்டேன்.

என்னைக் கூட்டிப்போக நீங்கள் இங்கே வர வேண்டாம். விடிந்ததும் கிளம்பும் பஸ்ஸில் நானே ஏறிக்கொள்கிறேன். டாக்டரிடம் சொல்லிவிட்டேன், முதலில் யோசித்தார், பிறகு சரி என்றார். நான் வந்து சேரும்போது வெயில் இருக்கும். கடைகள் திறந்திருக்கும். டீக் கடையில் ஆள் இருக்கும். இருக்கட்டும். பார்க்கட்டும். எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் இருட்டில் ஒரு தடவை நுழைந்துவிட்டால் அப்புறம் எந்தப் பகலில் வெளியே வருவேன்?

மையம் திறக்கிற அன்றைக்கு நானும் போவேன். சந்து வழியாக இல்லை. நம் வீட்டு வாசலில் இறங்கி, தெரு வழியாக நடந்து, முன்கேட்டுக்குப் போவேன். பூட்டியிருந்தால் தட்டுவேன். உள்ளே இருப்பவர்கள் வந்து திறக்கும் வரை நிற்பேன். அடுத்த வாரமும் அங்கேதான் நிற்பேன். இரும்புக் கடை அக்காவிடம் சொல்லிவையுங்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு அவர் சந்து வழியாக வந்தாலும் சரி, எப்படியாவது வரட்டும். என்றைக்காவது முன்பக்கமாக வரத் தோன்றினால், அங்கே ஏற்கெனவே ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள்.

டிராயிங் டீச்சர் இன்று கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். பெட்டியில் வைக்க என் துணிகளை மடித்துக் கொடுத்தாள். அவள் ஊரிலும் ஒரு கட்டடம் எங்கேயாவது பூட்டிக் கிடக்கும், இல்லையா?

உங்களைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும், எழுத வெட்கமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யார் தொண்டையைக் கனைத்தாலும் நீங்களோ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன். உங்கள் சட்டையில் வரும் அந்தச் சூடான ஒயர் வாசனை இங்கே எதிலும் இல்லை.

குட்டியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள். ஓடி வர வேண்டாம், கட்டிப்பிடித்து அழவும் வேண்டாம், எல்லாம் வீட்டில். பெட்டியை மட்டும் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். நான் நடந்து வருகிறேன்.

நான்